நீரை விரும்பும் சுவரும் வெறுக்கும் சுவரும்



கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தை அறியாத தோட்டத்துக் குடும்பம் நம்மிடையே குறைவு. அங்குள்ள வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் அமர்ந்ததும் நாம் முதலில் என்ன செய்கிறோம்? இலையில் சிறிது நீர் தெளித்துத் துடைக்கிறோம். அப்போது சற்றுக் கவனித்தால் ஒன்று தெரியும். இலையில் விழுந்த நீர் பரவுவதில்லை. மணிமணியாகத் திரண்டு நிற்கிறது. இலையைச் சாய்த்தால் வழிந்து ஓடிவிடுகிறது.

அந்த வட்டாரத்துக்குப் பெயர் தந்தவை, அங்கே ஒரு காலத்தில் இருந்த செங்கற்சூளைகள். அதே நீரை ஒரு செங்கல்லின் மேல் தெளித்துப் பாருங்கள். அது மணியாக நிற்காது. படரும், படர்ந்த சிறிது நேரத்தில் கல்லுக்குள் மறைந்தும் போகும். சுட்ட செங்கல்லில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். அவை நீரை உள்ளே இழுத்துக்கொள்கின்றன.

நீர் ஒன்றுதான். இலையின் மேல் ஒரு விதமாகவும் செங்கல்லின் மேல் வேறு விதமாகவும் அது நடந்துகொள்வது ஏன்? இந்தச் சிறிய கேள்வி, தோட்டத்துச் செம்பனை ஆலையின் கொதிகலனுக்கும், நம் கைப்பேசிக்குள் இருக்கும் சில்லுக்கும், தலைமயிர் அளவே அகலமுள்ள குழாய்களில் நீரைக் கொதிக்க வைத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்கும் பொதுவான கேள்வியாகும். அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

நீரின் துகள்கள் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும் இயல்புடையவை. அதனால்தான் மழைத்துளி உருண்டையாக இருக்கிறது. அதே துகள்களைச் சுவரும் தன் பக்கம் இழுக்கிறது. சுவரின் இழுப்பு வலுவாக இருந்தால் துளி தட்டையாகிப் படர்கிறது. நீர்த்துகள்களின் இழுப்பே மேலோங்கினால் துளி திரண்டு நிற்கிறது. முதல் வகையை ‘நீரை விரும்பும் பரப்பு’ என்றும், இரண்டாம் வகையை ‘நீரை வெறுக்கும் பரப்பு’ என்றும் சொல்வது வழக்கம். கல்லுக்கும் இலைக்கும் விருப்பு வெறுப்பு ஏது? நினைவில் நிற்பதற்காகச் சொல்லும் பேச்சு இது.

இந்த விருப்பத்தை அளக்க ஓர் அளவுகோல் உண்டு. துளியின் விளிம்பு சுவரைத் தொடும் இடத்தில், துளிக்குள் அமையும் கோணத்தை அளக்கிறார்கள். அதற்குத் ‘தொடுகோணம்’ என்று பெயர். இதன் அடிப்படையை இங்கிலாந்து அறிஞர் தாமஸ் யங் 1805இல் விளக்கினார். நன்கு துலக்கிய கண்ணாடியில் இந்தக் கோணம் ஏறக்குறைய சுழியம். மெழுகின் மேல் 90 பாகையைத் தாண்டிவிடும். தாமரை இலையின் மேல் 150 பாகைக்கும் அதிகம். தாமரை இலையில் மெழுகுப் பூச்சும் நுண்ணிய முடிச்சுகளும் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன என்று ஜெர்மனியின் பான் நகர அறிஞர்கள் 1997இல் விரிவாக எழுதினார்கள். தோட்டத்துப் பள்ளத்தில் வளரும் சேம்பு இலையும் இதே குடும்பத்துக் குணம் உடையதுதான். அதில் நீரை ஊற்றி உருட்டி விளையாடாத பிள்ளை உண்டா?

தாய்மார்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். ஒரு செம்புப் பாத்திரத்தைப் புளி போட்டு நன்றாகத் துலக்கிக் கழுவுங்கள். கழுவிய நீர் அதன் மேல் முழுப் படலமாக, ஓர் ஓட்டையும் இல்லாமல் நிற்கும். அதே பாத்திரத்தில் ஓரிடத்தில் மட்டும் எண்ணெய் தொட்ட விரலால் தடவுங்கள். மறுபடியும் நீரில் முக்கி எடுத்தால், விரல் பட்ட இடத்தில் படலம் கிழிந்து நீர் துளித்துளியாகப் பிரியும். கண்ணுக்கே தெரியாத அளவு எண்ணெய்தான். ஆனால் நீருக்கு அது தெரிகிறது. உலோகத்துக்கு முலாம் பூசும் தொழிற்சாலைகளிலும் பொருள் சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க இதே சோதனையைச் செய்கிறார்கள். நீர்ப்படலம் கிழிந்தால் அழுக்கு இருக்கிறது என்று பொருள்.

இனி, நீர் கொதிப்பதைப் பார்ப்போம்.

ஒரு சட்டியில் நீரை அடுப்பில் வைத்துக் கூர்ந்து பாருங்கள். குமிழிகள் அடிப்பரப்பு முழுவதும் ஒரே சீராகக் கிளம்புவதில்லை. சில குறிப்பிட்ட இடங்களிலிருந்தே வரிசை வரிசையாகப் புறப்படுகின்றன. அந்த இடங்களில் சிறு கீறலோ குழியோ இருக்கும். அதற்குள் ஒரு துளி காற்றோ ஆவியோ சிக்கியிருக்கும். அதுதான் குமிழிக்கு விதை. விதை இல்லாத இடத்தில் பயிர் முளைக்காதது போல, ஆவி சிக்காத இடத்தில் குமிழி எளிதில் கிளம்புவதில்லை.

குமிழியால் நமக்கு என்ன பயன்? அது வெப்பத்தைச் சுமந்து செல்லும் வண்டி. ஒரு கிராம் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குச் சூடேற்ற 70 கலோரி வெப்பம் போதும். அதே ஒரு கிராம் நீரை 100 பாகையில் வைத்தே ஆவியாக மாற்ற ஏறத்தாழ 540 கலோரி வேண்டும். வெப்பநிலை ஒரு பாகையும் உயராமல், ஏறக்குறைய எட்டு மடங்கு வெப்பம் ஆவிக்குள் ஒளிந்துகொள்கிறது. இதைத்தான் பள்ளிப் புத்தகம் ‘உள்ளுறை வெப்பம்’ என்கிறது. ஆகவே, சூடான சுவரிலிருந்து வெப்பத்தை எடுத்துச் செல்ல, நீரைக் கொதிக்க விடுவதைப் போல் வல்ல வழி வேறு அதிகம் இல்லை. சட்டியின் கீழே நெருப்பு எரிந்தாலும் சட்டி உருகாமல் இருப்பது இதனால்தான். நீர் சுவரைத் தொட்டுக்கொண்டிருக்கும் வரை சுவருக்கு ஆபத்து இல்லை.

‘தொட்டுக்கொண்டிருக்கும் வரை’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இன்றைய பேச்சின் உயிர்நாடி அதுதான்.

சுவர் நீரை விரும்புவதாக இருந்தால் குமிழியின் அடி குறுகலாக இருக்கும். சுற்றியுள்ள நீர் குமிழியின் அடியை நெருக்கும். குமிழி சிறியதாக இருக்கும்போதே பிய்த்துக்கொண்டு மேலே போய்விடும். அந்த இடத்தை உடனே புது நீர் நனைத்துவிடும். சுவர் நீரை வெறுப்பதாக இருந்தாலோ, குமிழி தன் அடியை அகல விரித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொள்ளும். கிளம்ப நேரமாகும். அதன் அடியில் உள்ள சுவர் காய்ந்தே கிடக்கும்.

அப்படியானால் நீரை விரும்பும் சுவரே எப்போதும் நல்லது என்று முடிவு கட்டிவிடலாமா? அவசரப்படக் கூடாது. நீரை மிக விரும்பும் சுவரில் நீர் எல்லாக் குழிகளுக்குள்ளும் புகுந்து, விதையாக இருக்க வேண்டிய ஆவியை வெளியேற்றிவிடுகிறது. அதனால் கொதிப்பு தொடங்குவதே தாமதமாகிறது. நீரை வெறுக்கும் சுவரிலோ குழிகளில் ஆவி எளிதாகத் தங்கும். சிறிது சூட்டிலேயே கொதிப்பு தொடங்கிவிடும். சிறு நெருப்புக்கு அது வசதி. நெருப்பு பெரிதாகும்போதுதான் அதன் குறை வெளிப்படும். பெருகும் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து சுவரையே மூடிவிடும்.

அவ்வாறு மூடினால் என்ன நடக்கும் என்பதைத் தோசைக்கல்லில் பார்த்திருப்பீர்கள். கல் மிதமாகச் சூடாக இருக்கும்போது தெளித்த நீர் ‘சுர்’ என்று சீறி மறைகிறது. கல் அளவுக்கு மீறிக் காய்ந்திருந்தாலோ, துளிகள் மறையாமல் உருண்டு ஓடி நடனமாடுகின்றன. கல் இன்னும் சூடாக இருக்கும்போது நீர் விரைவாக அல்லவா ஆவியாக வேண்டும்? துளிக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு மெல்லிய ஆவிப் படுக்கை உண்டாகிவிடுகிறது. நீர் கல்லைத் தொடுவதே இல்லை. ஆவி வெப்பத்தை எளிதில் கடத்தாது. ஆகவே துளி பிழைத்துக்கொள்கிறது. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃபிராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் நீர்த்துளிகளை விட்டு, இதை 1756இல் எழுதி வைத்தார்.

தோசைக்கல்லில் இது வேடிக்கை. நெருப்பை நிறுத்த முடியாத இயந்திரத்தில் இது விபத்து. ஜப்பானிய அறிஞர் நுகியாமா 1934இல் நீருக்குள் ஒரு மெல்லிய உலோகக் கம்பியை வைத்து மின்சாரத்தால் சூடாக்கினார். வெப்பத்தைக் கூட்டக் கூட்ட நீர் நன்றாகக் கொதித்துக் கம்பியைக் காத்தது. ஓர் எல்லைக்கு மேல் கூட்டியதும் ஆவி கம்பியைச் சூழ்ந்துகொண்டது. கம்பியின் வெப்பநிலை ஒரே பாய்ச்சலில் ஏறியது. நீருக்குள் இருந்தபடியே கம்பி எரிந்து அறுந்தது! இந்த எல்லையை அறிவியலார் ‘உச்ச வெப்ப எல்லை’ என்ற பொருளில் குறிப்பிடுகிறார்கள். சாதாரண உலோகப் பரப்பில், திறந்த பாத்திரத்தில் கொதிக்கும் நீருக்கு இது சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 வாட். சுவரின் நனையும் தன்மையைக் கூட்டினால் இந்த எல்லை உயரும், குறைத்தால் தாழும்.

இது எங்கோ நடக்கும் கதை என்று எண்ண வேண்டாம். 1917இல் கோலசிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமாரம் தோட்டத்தில் வணிகத்துக்கான செம்பனை முதன்முதலாக நடப்பட்டது. அதன் பிறகு சிலாங்கூர் தோட்டங்கள் பலவற்றில் ரப்பர் மரம் நின்ற இடத்தைச் செம்பனை பிடித்துக்கொண்டது. செம்பனை ஆலையின் இதயம் கொதிகலன், அதாவது நாம் சொல்லும் ‘பாய்லர்’. குலைகளை அவிக்கவும், ஆலைக்கு வேண்டிய மின்சாரத்தை எடுக்கவும் ஆவி வேண்டும். எண்ணெய் பிழிந்த பின் மிஞ்சும் நாரும் ஓடுமே அதற்கு எரிபொருள். குழாய்களின் உள்ளே நீர் ஓடுகிறது. வெளியே நெருப்பு எரிகிறது. உள்ளே போகும் நீர், போகும் வழியிலேயே கொதித்து ஆவியாகிறது. கிள்ளானில் 1953இல் திறக்கப்பட்ட கோனாட் பிரிட்ஜ் மின் நிலையத்திலும், பின்னர் எழுந்த காப்பார் மின் நிலையத்திலும் நடந்தது இதே வேலை, அளவுதான் பெரிது.

ஆலைக் கொதிகலனின் அழுத்தம் காற்றழுத்தத்தைப் போல் 20 மடங்கு என்று வைத்துக்கொள்வோம். அந்த அழுத்தத்தில் நீர் 210 பாகைக்கு மேல்தான் கொதிக்கும். குழாய்க்கு வெளியே உள்ள நெருப்போ அதைவிடப் பன்மடங்கு சூடானது. உள்சுவரை நீர் நனைத்துக்கொண்டிருக்கும் வரை குழாயின் எஃகு, நீரின் சூட்டுக்குச் சற்றே மேலான சூட்டில் பத்திரமாக இருக்கும். நனைவது நின்றால், எஃகின் சூடு நெருப்பின் சூட்டை நோக்கி ஏறத் தொடங்கும். 500, 600 பாகை என்று ஏறிவிட்டால் சாதாரண எஃகு வலுவிழந்து போகும். உள்ளே இருக்கும் அழுத்தமோ குறையவில்லை. குழாய் புடைக்கும், பிறகு கிழியும்.

இப்போது புளி போட்டுத் துலக்கிய செம்பையும் எண்ணெய் தொட்ட விரலையும் நினைத்துப் பாருங்கள். செம்பனை ஆலையில் எங்கு திரும்பினாலும் எண்ணெய். எண்ணெய்த் தொட்டிகளைச் சூடாக்க ஆவிக் குழாய்ச் சுருள்கள் உண்டு. அவற்றில் ஓர் ஓட்டை விழுந்தால், குளிர்ந்து நீராகித் திரும்பும் ஆவியோடு எண்ணெயும் கலந்து கொதிகலனுக்குப் போய்விடக்கூடும். குழாயின் உள்சுவரில் எண்ணெய் படிந்தால் இரண்டு தீங்குகள். எண்ணெய்ப் படிவு வெப்பம் கடப்பதைத் தடுக்கிறது. அதோடு நீர் சுவரை நனைப்பதையும் கெடுக்கிறது. இதனால்தான் குலை அவிக்கும் கலனிலிருந்து வடியும் எண்ணெய் கலந்த நீரைக் கொதிகலனுக்குத் திருப்பி அனுப்புவதில்லை. அது கழிவுநீராகவே போகிறது. இதனால்தான் பாய்லர்மேன் வேலைக்கு உரிமம் கேட்கிறார்கள். திரும்பி வரும் நீரின் மேல் எண்ணெய் மினுக்கம் தெரிகிறதா என்று பார்ப்பதும், நீரைச் சோதனைக்கு எடுப்பதும் வெறும் சடங்கு என்று இளைஞர்கள் எண்ணிவிடக் கூடாது. அந்த மினுக்கத்தின் பின்னால் ஆலையில் நிற்கும் அத்தனை பேரின் உயிரும் இருக்கிறது.

பெரிய குழாயிலேயே இவ்வளவு செய்தி இருக்கிறது. இனி, அந்தக் குழாயைத் தலைமயிர் அளவுக்குச் சுருக்கினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். அப்படிச் சுருக்க வேண்டிய தேவை எங்கிருந்து வந்தது?

1970களில் சுங்கைவே, ஷா ஆலம் பகுதிகளில் மின்னணுத் தொழிற்சாலைகள் எழுந்தபோது, தோட்டங்களிலிருந்து நம் பெண்பிள்ளைகள் பலர் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறி அங்கே வேலைக்குப் போனார்கள். அங்கே உருவான சில்லுகள் அன்று சிறு வேலைகளைச் செய்தன. அவற்றுக்குச் சூடும் குறைவு. இன்றைய பெரிய கணினிகளின் சில்லுகளோ வேறு. துணி தேய்க்கும் 1000 வாட் மின் அயனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அடிப்பரப்பில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 5 வாட் வெப்பம் வருகிறது. இன்றைய வல்லமை மிக்க சில்லுகளில் இது சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டை நெருங்குகிறது. ஆனால் அயனைப் போல் அவை சூடாகிவிடக் கூடாது; 80, 90 பாகையைத் தாண்டினாலே அவற்றின் ஆயுள் கெட்டுவிடும். சைபர்ஜெயாவில் உள்ள தரவு மையங்களில், கணினிகளை இயக்குவது எவ்வளவு பெரிய வேலையோ, அவற்றைக் குளிர்விப்பதும் ஏறக்குறைய அவ்வளவு பெரிய வேலையாக இருப்பது இதனால்தான்.

1981இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டக்கர்மன், பீஸ் என்ற இருவர் ஒரு வழி காட்டினர். ஒரு சதுர சென்டிமீட்டர் சிலிக்கான் தகட்டின் முதுகில், ஒவ்வொன்றும் 50 மைக்ரோமீட்டர் அகலமும் ஏறத்தாழ 300 மைக்ரோமீட்டர் ஆழமும் உள்ள வாய்க்கால்களை வரிசையாகச் செதுக்கி, அவற்றில் நீரை ஓடவிட்டனர். ஆயிரம் மைக்ரோமீட்டர் சேர்ந்தது ஒரு மில்லிமீட்டர். நம் தலைமயிரின் பருமன் ஏறத்தாழ 70 முதல் 100 மைக்ரோமீட்டர். அந்த மயிரிழை வாய்க்கால்கள் 790 வாட் வெப்பத்தை அகற்றிவிட்டன! ஆனால் அதற்கு நீரை மிகுந்த அழுத்தத்தோடு வேகமாகத் தள்ள வேண்டியிருந்தது. அங்கே நீர் கொதிக்கவில்லை. சூடாகி வெளியேறியது, அவ்வளவுதான்.

நீரைக் கொதிக்கவே விட்டால் என்ன என்று அறிஞர்கள் எண்ணினார்கள். ஆவி எட்டு மடங்கு வெப்பத்தைச் சுமக்கும் என்று முன்பே கண்டோம் அல்லவா? குறைந்த நீரே போதும்; தகடு முழுவதும் ஒரே சூட்டில் இருக்கும். அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் நீர் 60, 70 பாகையிலேயே கொதிக்கவும் செய்யும். கணக்கில் எல்லாம் அழகாக இருந்தது. செய்து பார்த்தபோதுதான் சிக்கல் தெரிந்தது.

அகன்ற சட்டியில் ஒரு குமிழி இரண்டு மூன்று மில்லிமீட்டர் அளவுக்கு வளர்ந்து, பிறகுதான் சுவரைவிட்டுக் கிளம்புகிறது. பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் அகலமே உள்ள வாய்க்காலில் அந்தக் குமிழி எங்கே போய் வளரும்? சுவர்களுக்கு நடுவே சிக்கிக்கொண்டு, பக்கவாட்டில் வளர வழியின்றி, நீளவாக்கில் புழுவைப் போல் நீண்டுகொண்டே போகும். நீர் ஆவியாகும்போது, சாதாரணக் காற்றழுத்தத்தில், ஏறத்தாழ 1600 மடங்கு பெருத்துவிடுகிறது. தோட்டத்துச் செம்மண் சாலையில் குலை ஏற்றிய டிராக்டர் நின்றுவிட்டால் பின்னால் வரும் வண்டி என்ன செய்ய முடியும்? அகன்ற நெடுஞ்சாலை என்றால் சுற்றிப் போகலாம். ஒற்றையடிச் சாலையில் எல்லாமே நின்றுவிடும். நுண்வாய்க்காலில் நிலைமை அதைவிட மோசம். அங்கே நின்ற வண்டி வீங்கிக்கொண்டே போய், பின்னால் வந்த வண்டிகளையும் வந்த வழியே தள்ளிவிடுகிறது. நீர் பின்னோக்கிப் பாய்கிறது, பிறகு முன்னோக்கி, மீண்டும் பின்னோக்கி. இதனிடையே சுவர் காய்ந்து சூடேறிவிடுகிறது.

இந்த இடத்தில்தான் சுவரின் விருப்பும் வெறுப்பும் முழு வலிமையோடு வெளிப்படுகின்றன. நீண்ட ஆவிக் குமிழிக்கும் சுவருக்கும் நடுவே, சில மைக்ரோமீட்டர் தடிப்பே உள்ள ஒரு நீர்ப்படலம் எஞ்சியிருக்கிறது. அந்தப் படலம் மிக மெல்லியது என்பதால் வெப்பம் அதை நொடியில் கடந்துவிடுகிறது. படலத்தின் மேற்பரப்பு தொடர்ந்து ஆவியாகிச் சுவரைக் குளிர்விக்கிறது. நுண்வாய்க்காலில் வெப்பத்தை அகற்றும் வேலையில் பெரும்பங்கு இந்த மெல்லிய படலத்துடையது. அது கிழியாமல் இருந்தால் வாய்க்கால் பிழைக்கும்.

சுவர் நீரை விரும்பினால், படலம் முழு ஆடையாகச் சுவரைப் போர்த்தி நிற்கும். ஓரிடத்தில் காயத் தொடங்கினாலும், செங்கல்லின் நுண்துளை நீரை இழுப்பது போல், சுவரே பக்கத்து நீரை அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்ளும். சுவர் நீரை வெறுத்தால், எண்ணெய் தடவிய செம்பில் கண்டது போல் படலம் கிழிந்து, நூல்நூலாகவும் துளித்துளியாகவும் பிரிந்துவிடும். இடையிடையே காய்ந்த திட்டுகள் தோன்றும். வெப்பம் அதிகமாகும்போது அந்தத் திட்டுகள் விரிந்து ஒன்றாகிவிடும். பெரிய பாத்திரத்தில் இந்த வேறுபாடு ஓரளவே பொருட்படுத்த வேண்டியது. புவியீர்ப்பு குமிழியை மேலே தூக்கிவிட்டு நீரைக் கீழே கொண்டுவந்துவிடும். மயிரிழை வாய்க்காலில் புவியீர்ப்பின் கை தளர்ந்துவிடுகிறது. அங்கே ஆட்சி செய்வது நீரின் பரப்பு இழுவிசையும் சுவரின் நனையும் தன்மையும்தான்.

இதில் ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியின் குழாய்க்குள் ஓடிக் கொதிக்கும் திரவம் நீர் அன்று. அவ்வகைத் திரவங்களின் பரப்பு இழுவிசை குறைவு; எந்த உலோகத்தின் மேலும் தாமாகவே படர்ந்துவிடும். அவற்றுக்குச் சுவரின் விருப்பு வெறுப்பு பெரிய கவலை இல்லை. நீரோ வெப்பத்தைச் சுமப்பதில் அவற்றைவிடப் பன்மடங்கு வல்லது. ஆனால் சுவரின் முகம் பார்த்துப் பழகும் குணம் உடையது.

இந்தத் துறையில் இந்தியாவிலிருந்து சென்ற அறிஞர்களின் பங்கு பெரிது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பயின்று, அமெரிக்காவின் ராச்செஸ்டர் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கிய சதீஷ் கண்ட்லிகர், எந்த அளவுள்ள குழாயை நுண்வாய்க்கால் எனலாம் என்று வகுத்தவர்களில் ஒருவர். 200 மைக்ரோமீட்டருக்குக் குறைந்தால் நுண்வாய்க்கால். அதிலிருந்து 3 மில்லிமீட்டர் வரை சிறுவாய்க்கால் என்பது அந்த வகுப்பு. நீர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்க, ஒவ்வொரு வாய்க்காலின் நுழைவாயிலையும் குறுக்கிவிட்டு, சுவரில் வேண்டுமென்றே சிறு குழிகளைச் செதுக்கிக் குமிழிகளுக்கு விதை அமைத்தால் ஓட்டம் நிதானப்படும் என்று 2006இல் அவரும் உடன் ஆய்ந்தோரும் காட்டினர். வாசல் குறுகலாக இருந்தால், வீங்கும் குமிழிக்குத் திறந்த கடைசிப் பக்கம் போவதே எளிதாகிவிடுகிறது.

சென்னை ஐ.ஐ.டி.யில் சரித் குமார் தாஸ், ஜெர்மனியின் ஹாம்பர்க் நகர ஆய்வாளர்களுடன் சேர்ந்து செய்த ஓர் ஆய்வு 2003இல் வெளிவந்தது. நீரில் மிக நுண்ணிய அலுமினா துகள்களைக் கலந்தால் அது வெப்பத்தை நன்றாகக் கடத்தும் என்பது முன்பே தெரிந்த செய்தி. அப்படியானால் நன்றாகக் கொதிக்கவும் வேண்டும் அல்லவா? சோதித்ததில் நேர்மாறாக இருந்தது. துகள் கூடக் கூடக் கொதிப்பு மந்தமாகி, சுவரின் சூடு ஏறியது. துகள்கள் சுவரின் நுண்குழிகளில் படிந்து பரப்பையே மாற்றிவிட்டதுதான் காரணம் என்று அவர்கள் கண்டனர். சில ஆண்டுகளுக்குப் பின் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் அதே வகைப் படிவின் மறுபக்கத்தைக் காட்டினார்கள். துகள்கள் படிந்த பரப்பு நுண்துளைகளுடன் நீரை மிகவும் விரும்புவதாகிவிடுகிறது. அதனால் சுவர் எரிந்துபோகும் அந்த உச்ச எல்லை வெகுவாக உயர்ந்துவிடுகிறது. ஒரே படிவு, சிறு நெருப்பில் பகை, பெரு நெருப்பில் நட்பு!

இரண்டு குணங்களையும் ஒரே சுவரில் சேர்த்துவிட்டால் என்ன? 2010இல் கொலம்பியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதைத்தான் செய்தனர். நீரை விரும்பும் பரப்பின் மேல், நீரை வெறுக்கும் சிறு புள்ளிகளைக் கோலப் புள்ளிகளைப் போல் ஒழுங்காக இட்டார்கள். புள்ளிகளில் குமிழிகள் எளிதாகப் பிறந்தன. புள்ளிகளுக்கு இடையே உள்ள நீர் விரும்பும் இடம் குமிழிகளைப் பரவவிடாமல் தடுத்து, சுவரை நனைத்துக்கொண்டே இருந்தது. கொதிப்பும் விரைவாகத் தொடங்கியது. உச்ச எல்லையும் உயர்ந்தது. இப்போது நுண்வாய்க்கால்களின் சுவர்களிலும் இவ்வாறு கலந்து அமைக்கும் முறைகளைப் பல நாடுகளில் ஆராய்ந்து வருகிறார்கள்.

ஆனால் ஆய்வுக்கூடத்துச் சுவர் என்றும் புதிதாக இருப்பதில்லை. நீரில் கரைந்த உப்பு படியும். காற்றிலுள்ள நுண்ணிய எண்ணெய்ப் பசை ஒட்டும். உலோகம் நிறம் மாறும். இன்று நீரை விரும்பிய சுவர் சில மாதங்களில் மனம் மாறிவிடக்கூடும். மயிரிழை வாய்க்காலில் கொதிக்கும் நீர் பெருவழக்காகத் தொழிலுக்கு வருவதைத் தாமதப்படுத்தும் தடைகளில் இதுவும் ஒன்று. தரவு மையங்களில் சில்லுகளைக் குளிர்விக்க இன்றும் பெரும்பாலும் காற்றையும் கொதிக்காத நீரையுமே நம்பியிருக்கிறார்கள். நல்ல பரப்பை உண்டாக்குவது ஒரு வேலை. அதை நல்ல பரப்பாகவே காத்து வைப்பது இன்னொரு வேலை. பாத்திரம் துலக்கும் தாய்மார்களுக்கு இதை நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

தோட்டப் பள்ளியில் பாடம் சொல்லும் எங்களிடம் மாணவர்கள் சில நேரம் கேட்பதுண்டு: “தொடுகோணம், உள்ளுறை வெப்பம் இதெல்லாம் படித்து எங்களுக்கு என்ன ஆகப் போகிறது?” இதற்கு எங்கள் விடை இது. உங்களில் ஒருவர் நாளை செம்பனை ஆலையில் பாய்லர் பக்கம் நிற்கலாம். இன்னொருவர் மின் நிலையத்தில் வேலை பார்க்கலாம். மற்றொருவர் தரவு மையத்தில் குளிரூட்டும் குழாய்களைப் பழுது பார்க்கலாம். மூவரும் காக்க வேண்டியது ஒன்றுதான்: சூடான சுவரை நீர் விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்வது. விதியைத் தெரிந்தவர் நீரில் மிதக்கும் எண்ணெயைக் கண்டதும் ஆபத்தை முன்கூட்டியே உணர்வார். தெரியாதவருக்கு அது வெறும் அழுக்கு.

ஆகவே பெற்றோர்களே, இந்த வார இறுதியில் பிள்ளைகளை அடுப்படிக்கு அழையுங்கள். துலக்கிய செம்பில் ஒரு பக்கமும் எண்ணெய் தடவிய இடத்தில் ஒரு பக்கமும் நீர் தெளித்து, எங்கே படர்கிறது, எங்கே திரள்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சட்டியில் நீர் கொதிக்கும்போது, நீங்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, குமிழி எந்த இடத்திலிருந்து கிளம்புகிறது என்று எட்ட நின்று எண்ணச் சொல்லுங்கள். கண்டதை ஒரு தாளில் எழுதி வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். மீதியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.